நால்வரின் இசை, ஒருவரின் கதை: த்ராபிங் கிரிசில் பற்றி ஒரு தாமதமான திருத்தம்

நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் வாசிக்க.

சென்ற மாதம் ஒரு கருத்தரங்கில், இருபதாம் நூற்றாண்டின் ஒலிக்கலை குறித்த அமர்வில், த்ராபிங் கிரிசில் குழுவைப் பற்றி ஓர் இளம் ஆய்வாளர் கட்டுரை வாசித்தார். நன்கு உழைத்து எழுதப்பட்ட கட்டுரை. ஆனால் இருபது நிமிட வாசிப்பு முழுவதும் ஜெனிசிஸ் பி-ஆரிட்ஜ் என்ற ஒரு பெயரையே சுற்றிச் சுழன்றது. கோசி ஃபானி டூட்டி, கிறிஸ் கார்ட்டர், பீட்டர் கிறிஸ்டோபர்சன் ஆகிய மூவரும் ஒரே வாக்கியத்தில், காற்புள்ளிகளுக்கிடையே வந்து மறைந்தனர். கேள்வி நேரத்தில் எழுந்து இதைச் சுட்டிக்காட்ட நினைத்தேன். எழவில்லை. காரணம் எளிது: பல ஆண்டுகளுக்கு முன் நான் அளித்த எம்.ஃபில். ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் நானும் இதையேதான் செய்திருந்தேன். அந்த இயலுக்கான திருத்தமாக இப்பதிவைக் கொள்ளலாம்.

அறியாதோருக்குச் சில தகவல்கள். 1969இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் கூம் டிரான்ஸ்மிஷன்ஸ் என்ற நிகழ்த்துகலைக் குழு தோன்றியது. அதன் மையத்தில் பி-ஆரிட்ஜும் விரைவில் வந்து சேர்ந்த கோசியும் இருந்தனர். 1973இல் அவர்கள் லண்டனுக்குப் பெயர்ந்தனர். ஹாக்னி பகுதியில் மார்ட்டெல்லோ தெருவிலிருந்த ஒரு தொழிற்கட்டடத்தின் நிலவறையே அவர்களுடைய ஸ்டுடியோ. அதற்கு அவர்களே இட்டுக்கொண்ட பெயர் மரணத் தொழிற்சாலை. ஹிப்னாசிஸ் நிறுவனத்தில் இசைத்தட்டு உறைகளை வடிவமைத்துவந்த கிறிஸ்டோபர்சனும் மின்னணுக் கருவிகளைத் தம் கையாலேயே செய்யும் கார்ட்டரும் இணைந்தபின், 1975 செப்டம்பர் 3 அன்று த்ராபிங் கிரிசில் பிறந்தது. பிரிட்டன் இரண்டாம் உலகப்போரில் இறங்கிய நாளும் அதே செப்டம்பர் 3 என்பதை அவர்கள் அறிந்தே தேர்ந்தனர். 1976இல் இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினர். ஒரு முழு இசைவகைக்கே பெயரானது அதுதான். 1981 மே 29 அன்று சான் பிரான்சிஸ்கோவில் இறுதி நிகழ்ச்சியை நடத்திவிட்டு, பணி முடிந்தது என்று அஞ்சலட்டை வழியே அறிவித்துக் கலைந்தனர். ஆறாண்டுக்கும் குறைவான வாழ்வு. அதன் நிழல் இன்னும் நீங்கவில்லை.

இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் 1976 அக்டோபரில் தொடங்குவர். லண்டனின் சமகாலக் கலைகளின் நிறுவனத்தில், 'பிராஸ்டிட்யூஷன்' என்ற தலைப்பில் கூம் குழு ஒரு கண்காட்சி நடத்தியது. தொடக்க இரவில் த்ராபிங் கிரிசிலும் வாசித்தது. கன்சர்வேட்டிவ் நாடாளுமன்ற உறுப்பினர் நிக்கோலஸ் ஃபேர்பேர்ன் இவர்களை நாகரிகத்தைத் தகர்ப்போர் என்று சாடினார். பொதுப்பணம் இதற்கெல்லாம் செலவாவதா என்ற கேள்வி நாடாளுமன்றம் வரை சென்றது. நம் வகுப்பறைகளில் இந்நிகழ்வு ஓர் அதிர்ச்சி உத்தியாக, கருத்துநிலைக் கலகமாகக் கற்பிக்கப்படுகிறது. அந்தக் கலகத்தின் மூளையாகப் பி-ஆரிட்ஜ் முன்வைக்கப்படுகிறார்.

அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டது என்ன என்று பார்ப்போம். கண்காட்சியின் மையப் பொருள், கோசி மாடலாகப் பணியாற்றிய பாலியல் இதழ்களின் பக்கங்கள். சில ஆண்டுகள் அத்தொழிலுக்குள் சென்று, ஊதியம் பெற்று, மற்ற பெண்களைப்போலவே ஒளிப்படக்காரர் முன் நின்று அவர் சேர்த்தவை. அந்த ஊதியத்தில்தான் குழுவின் வீட்டுச் செலவும் கலைச் செலவும் பெருமளவு நடந்தன. சர்ச்சைக்கு அஞ்சி அப்பக்கங்கள் சுவரில் மாட்டப்படவில்லை. கேட்போருக்கு மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டப்பட்டன. இங்கு உழைப்பவரும் படைப்பவரும் படத்தில் இருப்பவரும் ஒருவரே. இப்படிப்பட்ட படைப்பை வேறொருவரின் கோட்பாட்டுக்கு எடுத்துக்காட்டாக மாற்ற எவ்வளவு கண்மூடித்தனம் வேண்டும்! என் ஆய்வேட்டில் இதற்கு ஒதுக்கிய இரண்டு பக்கங்களில் கோசியின் பெயர் ஒரு முறை வருகிறது, அதுவும் 'பி-ஆரிட்ஜின் துணைவி' என்ற அடைமொழியோடு. இன்று அதைப் படிக்கக் கூசுகிறது.

ஏன் இப்படி நேர்கிறது? ஆணாதிக்கம் என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிடலாம், அது பொய்யுமன்று. ஆயினும் அதற்குள் நம் ஆய்வுமுறை சார்ந்த ஒரு சோம்பலும் இருக்கிறது. பி-ஆரிட்ஜ் பேசினார், எழுதினார், உலகெங்கும் கடிதம் அனுப்பினார், கேட்ட எவருக்கும் பேட்டி அளித்தார். இண்டஸ்ட்ரியல் இசை பற்றிய ஆய்வுகள் பலவும் கைநூலாகக் கொள்ளும் 1983ஆம் ஆண்டின் 'இண்டஸ்ட்ரியல் கல்ச்சர் ஹேண்ட்புக்' போன்ற தொகுப்புகள் பேட்டிகளாலேயே ஆனவை. அவருடைய ஆவணத் தொகுப்பை லண்டனின் டேட் நிறுவனம் வாங்கிப் பாதுகாக்கிறது. ஆய்வாளர் சான்று தேடும்போது கைக்கு முதலில் எட்டுவது அதிகம் பேசியவரின் சொற்களே. நிலவறையில் குனிந்தமர்ந்து மின்சுற்றுப் பலகையில் ஈயம் பற்றவைத்தவர் பேட்டி அளிப்பதில்லை. அவருக்கு நேரமும் இல்லை. எனவே நாம் பேசியவரைப் படைத்தவராக்கி விடுகிறோம்.

இசையைக் காதால் கேட்டால் இந்தக் கதை நிற்பதில்லை. கார்ட்டர், 1975இல் ஒரு மின்னணு இதழில் ராய் குவின் என்பவர் வெளியிட்டிருந்த வரைபடத்தை எடுத்து மாற்றியமைத்து, 'கிரிசிலைசர்' என்ற கருவியை உருவாக்கினார். குரலையும் கிட்டாரையும் அதன் வழியே செலுத்தினால் ஒலி அதிர்ந்து, துண்டுபட்டு, அடையாளம் இழந்து வெளிவரும். குழுவின் தனித்த ஒலி என்று நாம் வியக்கும் அந்த நடுக்கம் பெருமளவு இந்தப் பெட்டியின் விளைவே. கிறிஸ்டோபர்சனுக்காக அவர் மற்றொரு கருவியும் செய்தார்: விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தினால், அதனோடு இணைக்கப்பட்ட ஒலிநாடா ஒன்று ஓடும். தெருவில் ஒளிந்து பதிவுசெய்த உரையாடல், தொலைக்காட்சிக் குரல், விலங்கின் ஓலம் என எதையும் இசைக்குறிப்பைப்போல் மீட்டலாம். சாம்ப்ளர் என்ற கருவி சாதாரண இசைஞர் வாங்கும் விலைக்கு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே இது நடந்தது. கோசியோ தம் கிட்டாரின் உடலை அறுத்து எடைகுறைத்து, தாளமும் ராகமும் சாராமல் அதை வாசித்தார். பின்னர் கார்னெட் என்ற ஊதுகருவியையும் கைக்கொண்டார். பி-ஆரிட்ஜ் பாஸ் கிட்டாரும் வயலினும் வாசித்தார், பாடினார், கத்தினார். நான்கு கைவினைகள்.

முதல் இசைத்தட்டின் பெயர் 'தி செகண்ட் ஆன்யுவல் ரிப்போர்ட்'. 1977இல் சொந்தப் பணத்தில் 785 பிரதிகள் மட்டுமே அச்சிட்டனர். கம்பெனி ஆண்டறிக்கைபோல் பெயர், அலுவலகக் கோப்புபோல் வெற்று உறை. உள்ளே இருந்ததோ மங்கிய நேரடிப் பதிவுகளும் ஒரு முழுப் பக்கத்தை நிறைக்கும் நீண்ட ஒலிப்படலமும். தொழிற்சாலை என்பதை ஓசையாக மட்டுமன்றி நிர்வாக மொழியாகவும் அவர்கள் பகடி செய்தனர் என்பதைப் பலரும் எழுதியுள்ளனர். நான் சேர்க்க விரும்புவது ஒன்றே: அந்த 'அலுவலகம்' உண்மையிலேயே நடந்தது. உறைகளை மடித்து, முகவரி எழுதி, அஞ்சல்தலை ஒட்டி, கணக்கு வைத்து யாரோ அனுப்பினர். பகடிக்குப் பின்னால் அன்றாட வேலை இருந்தது.

1978இல் வந்த 'டி.ஓ.ஏ.' என்ற தட்டுதான் என் வாதத்துக்கு முதன்மைச் சான்று. அதில் நால்வரும் தலைக்கொரு தனிப்பாடல் செய்துள்ளனர். கார்ட்டரின் 'ஏபி/7ஏ' தெளிந்த மின்னிசைத் துடிப்பு. பத்தாண்டு கழித்து வரப்போகும் நடன இசையை முன்கூட்டியே கேட்பதுபோல் இருக்கும். கோசியின் 'ஹோம்டைம்', குழந்தைகளின் குரல்களுக்கு அடியில் மெல்ல அசையும் கிட்டார். இக்குழுவைப் பற்றி நாம் வைத்திருக்கும் பயங்கரச் சித்திரத்தில் அடங்காத ஒரு மாலைப்பொழுது. கிறிஸ்டோபர்சன் திருட்டுத்தனமாகப் பதிந்த பேச்சுகளை அடுக்கினார். பி-ஆரிட்ஜின் 'வீப்பிங்' கோசியின் பிரிவால் எழுந்த புலம்பல். அவ்வாண்டுதான் கோசி அவரை விட்டு நீங்கிக் கார்ட்டரோடு இணைந்தார். பிரிந்தவரும், பிரியப்பட்டவரும், சேர்ந்தவரும் ஒரே நிலவறையில் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வேலை செய்தனர். இதை எண்ணாமல் 'ஹீதன் எர்த்', '20 ஜாஸ் ஃபங்க் கிரேட்ஸ்' ஆகிய தட்டுகளைக் கேட்க இப்போது என்னால் இயலவில்லை.

அதே தட்டில் உள்ள 'ஹாம்பர்கர் லேடி' பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். உடல் முழுதும் தீக்காயமுற்ற ஒரு பெண்ணைப் பற்றி ஆல் அக்கர்மேன் எழுதியனுப்பிய கடிதமே அதன் சொற்கள். கேட்போரை நடுங்கவைப்பதற்காகவே செய்யப்பட்டது என்று எளிதில் ஒதுக்கிவிடலாம். நானும் மாணவப் பருவத்தில் அப்படித்தான் நண்பர்களுக்குப் போட்டுக்காட்டி மகிழ்ந்தேன். ஆனால் அதன் சொற்கள் நோயாளியை வேடிக்கை பார்ப்பவரின் சொற்கள் அல்ல, அருகிருந்து பார்த்துக்கொள்பவரின் சோர்வு. கீழே மாறாத தாழ்துடிப்பு, மேலே இழுபட்டுத் தேயும் ஓலம், நடுவே சொல் எதுவென்று பிடிபடாமல் கலங்கும் குரல். இரவுப் பணியில் உள்ள ஒரு மருத்துவமனைத் தாழ்வாரம் அப்படியே எழுகிறது. பிரையன் ஈனோவின் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' வெளிவந்ததும் அதே 1978தான். ஆம்பியன்ட் இசையின் தொடக்கமாக ஈனோவின் தட்டையே பாடநூல்கள் சுட்டும். ஒலியால் ஓர் அறையைக் கட்டுவதுதான் ஆம்பியன்ட் என்றால், ஈனோ விமான நிலையத்தைக் கட்டினார். இவர்கள் தீக்காய வார்டைக் கட்டினர். இரண்டையும் ஒரே வகுப்பில், அடுத்தடுத்து ஒலிக்கவிட்டுப் பாருங்கள்.

(தம்புரா சுருதியில் வளர்ந்த செவிக்கு மாறா ஒலி புதிதன்று என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2009இல் இக்குழு 'கிரிசிலிசம்' என்ற சிறு பெட்டியை வெளியிட்டது. பொத்தானைத் தட்டினால் அவர்களுடைய ஒலித்துண்டு ஒன்று முடிவின்றிச் சுழலும். எஃப்எம்3 குழுவின் புத்தா மெஷினை ஒட்டிச் செய்யப்பட்டது அது. புத்தா மெஷினுக்கோ சீனக் கோயில்களில் மந்திரம் ஓதும் பிளாஸ்டிக் பெட்டிகளே முன்மாதிரி. நம் வீட்டுப் பூஜை அலமாரியில் 'ஓம் நமசிவாய' முனகும் பெட்டிக்கு அது ஒன்றுவிட்ட உறவு. அவாங்-கார்டின் கடைசிப் பொருளை என் பாட்டி எவ்வித வியப்புமின்றி ஏற்றிருப்பார்.)

இனி, பாராட்டுவோர் தவிர்க்கும் இடத்துக்கு வருகிறேன். இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸின் சின்னம் ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் படம். 'சைக்லான் பி ஜோம்பி' என்று ஒரு பாடல். குழுவினர் நாஜிக் கருத்தியலர் அல்லர். இதில் எனக்கு ஐயமில்லை. நாகரிகத்தின் தொழிற்சாலை தர்க்கம் எங்கே கொண்டுசேர்க்கும் என்பதைக் காட்டவே அச்சின்னம் என்ற விளக்கத்தையும் நேர்மையானதாகவே கருதுகிறேன். ஆனால் விளக்கம் ஒன்று, புழக்கம் ஒன்று. விளக்கமின்றி அச்சின்னங்களை எடுத்துக்கொண்ட பின்வந்தோர் பலர், எங்கே நிற்கிறோம் என்பதைச் சொல்ல மறுப்பதையே ஓர் அழகியலாக்கினர். அந்த மௌனத்துக்குள் யார் வேண்டுமானாலும் குடியேறலாம்; குடியேறவும் செய்தனர்.

இதைவிட என்னை அலைக்கழிப்பது மற்றொரு நிகழ்வு. ஹாக்னியில் இவர்கள் வசிப்பிடத்துக்கு அருகே நாடோடிக் குடும்பங்கள் சில வண்டிகளோடு முகாமிட்டிருந்தன. அவர்களோடு பூசல் மூண்டபோது, காதுக்கு எட்டியும் எட்டாததுமான அதிர்வெண்களைச் செலுத்தி அவர்களை அங்கிருந்து அகற்றக் குழு முயன்றது. 1980இல் வெளிவந்த 'சப்ஹ்யூமன்' என்ற பாடல் இந்தப் பூசலோடு சேர்த்தே பேசப்படுகிறது. இண்டஸ்ட்ரியல் இசை பற்றிய நூல்களில் இச்செய்தி ஒலியை ஆயுதமாக்கிய சுவையான பரிசோதனையாக வந்துபோகும். புறம்போக்கில் குடிசை போட்டவர்களை 'அப்புறப்படுத்துவது' என்றால் என்னவென்று அறிந்த நாட்டிலிருந்து இதைப் படிக்கிறோம். மனிதருக்குக் கீழானவர் என்ற சொல் எங்கெல்லாம் எப்படியெல்லாம் புழங்கும் என்பதும் நமக்குத் தெரியும். கட்டுப்பாட்டு அதிகாரத்தை அம்பலப்படுத்திய குழு, தன் வாசலில் நின்ற எளியோர்மீது அதே அதிகாரத்தைப் பிரயோகித்துப் பார்த்தது. நால்வரும் பங்காளிகளாக இருந்த குழுவின் செயல் இது. உழைப்பில் நால்வருக்கும் பங்கு கேட்கும் நான், இதில் மட்டும் பழியை ஒருவர் தலையில் கட்டிவிட முடியாது.

கலைந்தபின் அவர்கள் சென்ற பாதைகளை விரைவாகவே கடக்கலாம், அவை ஒவ்வொன்றும் தனிப்பதிவு கேட்பவை என்பதால். பி-ஆரிட்ஜும் கிறிஸ்டோபர்சனும் சைக்கிக் டிவியைத் தொடங்கினர். அதிலிருந்து விலகிய கிறிஸ்டோபர்சன், தம் வாழ்க்கைத் துணைவர் ஜான் பேலன்ஸோடு காயில் குழுவை நடத்தினார். 1998இல் காயில் வெளியிட்ட 'டைம் மெஷின்ஸ்' நான்கு நீண்ட ஒலிநீட்சிகள் மட்டுமே. ஆம்பியன்ட் மரபில் நான் அதிகம் திரும்பிச்செல்லும் தட்டு அது. கார்ட்டரும் கோசியும் இணையராகவே தொடர்ந்தனர். அவர்களுடைய 1980களின் இசை இன்றி டெக்னோவின் ஒரு கிளையை விளக்க இயலாது. இருந்தும் இசை வரலாறுகளில் இந்த இணையர் 'மேலும் சிலர்' என்ற பட்டியலுக்குள் கிடந்ததே நீண்ட காலம் நிலவரம்.

2004இல் நால்வரும் மீண்டும் கூடினர். 2007இல் 'பார்ட் டூ: தி எண்ட்லெஸ் நாட்' வந்தது. அதே ஆண்டு டேட் மாடர்னின் பெருங்கூடத்தில் டெரெக் ஜார்மனின் 'இன் தி ஷேடோ ஆஃப் தி சன்' படத்துக்கு நேரில் வாசித்தனர். நாகரிகத்தைத் தகர்ப்போர் முப்பதாண்டில் அருங்காட்சியகத்தின் விருந்தினராயினர். 2010 அக்டோபரில், சுற்றுப்பயணத்தின் நடுவே பி-ஆரிட்ஜ் விலகினார். எஞ்சிய மூவரும் எக்ஸ்-டிஜி என்ற பெயரில் மீதி நிகழ்ச்சிகளை வாசித்தனர். சில வாரங்களில், நவம்பரில், கிறிஸ்டோபர்சன் பாங்காக்கில் உறக்கத்திலேயே இறந்தார். நிகோவின் 'டெசர்ட்ஷோர்' தட்டை மறுஆக்கம் செய்யும் அவருடைய திட்டத்தைக் கார்ட்டரும் கோசியும் முடித்து 2012இல் வெளியிட்டனர். இறந்த நண்பரின் பாதி வேலையை இரண்டாண்டு அமர்ந்து முடித்தவர்கள் அவர்கள்.

2017இல் கோசியின் தன்வரலாறு 'ஆர்ட் செக்ஸ் மியூசிக்' வெளிவந்தது. பி-ஆரிட்ஜோடு வாழ்ந்த ஆண்டுகளில் தாம் எதிர்கொண்ட வன்முறையையும் அடக்குமுறையையும் அதில் அவர் எழுதியுள்ளார். பி-ஆரிட்ஜ் அவற்றை மறுத்தார். 2020 மார்ச்சில் மறைந்தார். (பிற்காலத்தில் ஆண், பெண் என்ற பிரிவினைக்கு வெளியே தம்மை நிறுத்திக்கொண்டவர் அவர். ஆங்கிலத்தில் எழுதுவோர் பிரதிப்பெயரோடு போராடுகின்றனர். தமிழின் 'அவர்' எனக்கு அச்சிரமத்தைத் தரவில்லை.) நூல் வந்ததும் இருவகை எதிர்வினைகளைக் கண்டேன். ஒன்று, இது தனிவாழ்க்கை, இசையோடு தொடர்பில்லை என்பது. மற்றொன்று, இனி இக்குழுவையே கேட்கக்கூடாது என்பது. என் மாணவி ஒருவரும் இரண்டாவதையே கேள்வியாகக் கேட்டார்.

முதலாவதை என்னால் ஏற்கவே முடியாது. கட்டுப்பாடு, அடிபணிதல், உடல்மீதான அதிகாரம் ஆகியவற்றையே கருப்பொருளாகக் கொண்ட குழு இது. தங்கள் வாழ்வே தங்கள் கலை என்று அறிவித்தவர்கள். அந்த அறிவிப்பை ஐம்பது ஆண்டுகளாகக் கொண்டாடிவிட்டு, வாழ்வைப் பற்றிய ஒரு பெண்ணின் சாட்சியம் வந்ததும் 'தனிவாழ்க்கை' என்று கதவடைப்பது நேர்மையன்று. இரண்டாவதற்கு நான் மாணவியிடம் சொன்னது: நீ கேளாதிருக்க முடிவுசெய்தால் அது உன் உரிமை, ஆனால் அப்படிச் செய்யும்போது நீ புறக்கணிப்பது ஒருவரை அல்ல, கோசியின் கிட்டாரையும் சேர்த்தே என்பதை அறிந்து செய். அக்குழுவை அவருடைய சொத்தாகவும் கணக்கிடாத வரை, தண்டனை என்ற பெயரிலும் நாம் பழைய ஒற்றையாசிரியர் கதையையே திரும்பச் சொல்கிறோம்.

இன்னொரு எச்சரிக்கை, எனக்கே. பி-ஆரிட்ஜை இறக்கிய பீடத்தில் கோசியை ஏற்றுவது எளிது; இப்போது அது வழக்காகியும் வருகிறது. தன்வரலாறும் ஒரு தரப்பின் ஆவணமே. அதையும் மற்ற சான்றுகளோடு ஒத்துப்பார்த்தே பயன்படுத்த வேண்டும். பி-ஆரிட்ஜ் இன்றி இந்தக் குழு இவ்வளவு தூரம் எட்டியிராது என்பதையும் மறுக்க மாட்டேன். முன்பின் அறியாதோரை அஞ்சல் வழியே ஒரு வலைப்பின்னலாகக் கோத்தவர் அவர். அக்கர்மேனின் கடிதம் போன்றவை அந்த நிலவறையை எட்டியதும் அத்தகைய அஞ்சல் உறவுகளால்தான்.

மூன்றாம் இயலைத் திருத்தி எழுதத் தொடங்கிவிட்டேன். தலைப்பில் இருந்த தனிப்பெயரை நீக்கியாயிற்று. தொடக்கம் இனி 1976 கண்காட்சி அன்று. கிரிசிலைசரின் மின்சுற்று வரைபடம். ஒலிப்பொறியியல் அறிந்த நண்பர்கள் யாரேனும் அந்த வரைபடத்தை என்னோடு அமர்ந்து படித்துத் தர இயலுமானால் தெரிவிக்கவும். கருத்தரங்கில் கட்டுரை வாசித்த இளம் ஆய்வாளருக்கும் இப்பதிவை அனுப்பியுள்ளேன், என் பழைய ஆய்வேட்டின் அந்த இரண்டு பக்கங்களையும் இணைத்து.